கம்மிய கைகள்

காலை ஒன்பது மணிவரை
ஒதிலியா என்னோடு பேசுவதில்லை.
கோபமெல்லாம் இல்லை.
எங்கள் இருவருக்கும் பிறந்ததிலிருந்து காது கேளாது,
பேச்சு முழுவதும் கையில்.
அந்தக் கைகள் இன்னும் விடியாமல்
போர்வைமேல் கிடக்கின்றன.

மொந்தெவிதேயோவில் ஜூலை குளிர்காலம்.
ஆற்றங்கரைக் காற்று ஆறு மாடி ஏறி வந்து
இந்த வீட்டில் யாரையும் தேடாமல்
அவள் விரற்கணுக்களைத்தான் போய் விசாரிக்கும்.

எனக்கு ரொட்டிக்கடையில் இரவு வேலை.
ஐந்தரைக்குத் திரும்பும்போது
கோட்டுக்குள் ஒரு ரொட்டி இருக்கும்,
அடுப்பின் சூடு இறங்காமல்.
வாங்கியதும் அவள் தின்னமாட்டாள்.
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்திக்கொண்டு
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.
முதலில் கட்டைவிரல் அசையும்.
பிறகு சுட்டுவிரல், அரைமனதாக.
நாங்கள் தின்பது எப்போதும்
ஆறிப்போன, நசுங்கிய ரொட்டி.

மனிதரைவிட மாடுகள் அதிகமுள்ள நாடு எங்களுடையது.
மாடு மேய்ந்த பயிரைப் பார்த்திருக்கிறோம்.
வேலியே மேய்ந்த பயிரை
டாக்டர் லரோக்கா தாளில் வரைந்து காட்டினார்:
உடம்பின் காவல் உடம்பின் மூட்டையே
அந்நியன் என்று நினைத்துக்கொள்கிறதாம்.
ஒதிலியா கேட்டாள்:
அதற்கு என் முகத்தை யாராவது
அறிமுகம் செய்துவைக்க முடியாதா?

மொழிபெயர்ப்பாளர் வராமல்போன ஒரு செவ்வாய்க்கிழமை,
வலி பத்துக்கு எத்தனை என்று எழுதிக் கேட்டார்.
எட்டு என்று சொல்ல
அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள்.
வலக்கையில் ஐந்து விரல் எழ வேண்டும்,
மூன்று எழுந்தன.
இடக்கையில் மூன்று எழ வேண்டும்,
ஒன்று எழுந்தது.
நான்கு என்று எழுதிக்கொண்டார்.
வலியே வலியைக் குறைத்துச் சொன்னது.
நான் அவர் பேனாவைப் பிடுங்கினேன்.
நாகரிகமில்லைதான்.
நான்கை அடித்து எட்டு போட்டேன்,
தாள் கிழிய.

அதன்பிறகு வெள்ளிதோறும் மாத்திரை.
சனிக்கிழமை குமட்டல், எலுமிச்சைத் தோல், இருட்டறை.
வெதுவெதுப்பான மெழுகில் முக்கி எடுத்த கைகளில்
வெள்ளைக் கையுறை மாதிரி மெழுகு உறையும்.
அதை உரிக்கும்போது மட்டும் குழந்தைபோல இருப்பாள்.
கதவுக் குமிழைக் கழற்றிவிட்டுக் கைப்பிடி வைத்தேன்.
பொத்தான்களை வெட்டிவிட்டுக் கொக்கி வைத்தாள், தானே,
மூன்று நாள் எடுத்துக்கொண்டு.
உதவ வந்தபோது முழங்கையால் தள்ளினாள்.

முடக்குவாதம் வந்தால்
வாதம் செய்வது நிற்கும் என்று நினைத்திருந்தேன்.
புருவத்தில் மூட்டு இல்லை.

ஞாயிறு இரவு எனக்கு விடுமுறை.
தூக்கத்தில் பேசும் பழக்கம் அவளுக்கு உண்டு.
முன்பெல்லாம் முழு வாக்கியங்கள்,
தெருவிளக்கு வெளிச்சத்தில் திருட்டுத்தனமாகப் படிப்பேன்.
இப்போது கைகளைப் பட்டையில் பூட்டிப் படுக்கிறாள்.
உள்ளே ஏதோ முணுமுணுக்கிறது.
அவிழ்த்துவிடலாமா என்று
ஒவ்வொரு வாரமும் தோன்றும்.
அவிழ்த்தால் காலையில் யார் அழுவது.

என் பெயரை அவள்தான் வைத்தாள்,
முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு:
இரண்டு விரலை மடக்கிக் கன்னத்தில் இரு தட்டு,
நான் சங்கத்துக்குள் மாவு ஒட்டிய முகத்தோடு
நுழைந்ததற்காக.
விரல் மடங்காமல் போனபின்
மணிக்கட்டின் புறத்தால் கன்னத்தை ஒருமுறை
தடவி விடுகிறாள்.
குரல் கம்மியவர் கூப்பிடுவதுபோல.
நான் திரும்பிவிடுவேன்.

போன வாரம் சங்கத்தில்
கூடத்தின் மறுகோடியிலிருந்து ஃபௌஸ்தினோ கூப்பிட்டான்.
பதினேழு வயது. நாணல் மாதிரி விரல்கள்.
மணிக்கட்டின் புறத்தால் கன்னத்தை
ஒருமுறை தடவினான்.
அவனுக்குத் தெரிந்து என் பெயர் அதுதான்.
அவனோடு நின்ற பையன்களுக்கும் அதுதான்.

ஒதிலியாவைப் பார்த்தேன்.
கவனித்தாளா, தெரியவில்லை.
மாத்தே குடிக்க வெந்நீர்க் குடுவையை
முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு
மூடியைப் பல்லால்
திருகிக்கொண்டிருந்தாள்.